கார்டில் இருந்த மூச்சு

ஜனவரி 11

அண்ணா,

போனில் பேசினால் நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறது, எழுதினால் நடுவில் பேனாவை வைத்துவிட்டு இளைப்பாறலாம் என்று எழுதியிருந்தாய். சரி, இனி நமக்குள் கடிதம்தான். உன் கையெழுத்தைப் படிக்கத் தனியாக ஒரு படிப்புப் படிக்க வேண்டும். அதையும் படித்துத் தொலைக்கிறேன்.

போன மாதம் நீ இங்கே வந்து, என் பரிசோதனை அறையில் உடம்பெல்லாம் ஒயரோடு தூங்கினாயே, அந்தப் பதிவை முழுக்கப் பார்த்துவிட்டேன். பத்து வருஷமாக ஊரார் தூங்கும்போது விடுகிற மூச்சைக் கோடு கோடாகப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். உன் கோட்டை மூன்று தடவை திரும்பத் திரும்பப் பார்த்தேன். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிறது, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறிதாகிறது, அப்புறம் நின்றே போகிறது. முப்பது விநாடி! மணிக்கு முப்பத்தெட்டு தடவை இப்படி. குறட்டைக்காரர்களுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சு நிற்கும். உனக்கு அது இல்லை. உன் தொண்டை திறந்தேதான் இருக்கிறது, மூச்சு விடு என்று சொல்ல உன் மூளைதான் மறக்கிறது. இதயம் பலவீனமானவர்களுக்கு வருகிற வகை இது. எக்கோவில் உன் இதயம் ரத்தத்தைத் தள்ளுகிற அளவு நூற்றுக்கு முப்பதுதானே வந்தது? குறைந்தது ஐம்பத்தைந்து இருக்க வேண்டும்.

அதனால்தான் இந்தப் பார்சல். சாதாரண மெஷின் ஒரே வேகத்தில் காற்றை ஊதும். இது அப்படியில்லை. உன் ஒவ்வொரு மூச்சையும் கவனிக்கும். நீ குறைத்தால் அது கூட்டும், நீ மறந்தால் அதுவே உனக்காக ஊதிவிடும். தலைமை டாக்டரிடம் மூன்று வாரம் கெஞ்சிக் கூத்தாடி, இரவலாக வாங்கியிருக்கிறேன். மாஸ்க்கை மாட்டி, வாரை இழுத்து, படு. அவ்வளவுதான். மெஷினின் பக்கவாட்டில் நகத்தளவு ஒரு கார்டு இருக்கும். எத்தனை மணி நேரம் மாட்டினாய், எப்படி மூச்சு விட்டாய் எல்லாம் அதில் பதிவாகும். இரண்டு கார்டு வைத்திருக்கிறேன். ஒன்று மெஷினில் இருக்கட்டும், மற்றது கடிதத்தோடு எனக்கு வரட்டும். என்னை ஏமாற்றலாம், கார்டை ஏமாற்ற முடியாது.

அண்ணிக்கு என் அன்பைச் சொல். உப்பு டப்பாவை அவர்கள் பூட்டி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். நல்ல வேலை செய்தார்கள்.

உன்னைத் திட்டவே பிறந்த,
வாலு


ஜனவரி 24

என் வாலுக்கு,

உன் மெஷின் வந்து சேர்ந்தது. படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னையே முறைத்துப் பார்க்கிறது. முகத்தில் மாஸ்க், நெற்றியில் வார், மூக்கிலிருந்து குழாய். முதல் நாள் கண்ணாடியில் பார்த்துவிட்டு உன் அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் வேலை பார்க்கும் மழலையர் பள்ளிக்கு என்னை இந்தக் கோலத்தில் அனுப்பினால் பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிட்டுவிடும் என்கிறாள்.

விளையாட்டை விடு. இருபத்தாறு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன் நான். மோட்டாருக்கும் பெட்டிக்கும் வேகம் ஒத்துப்போகவில்லை என்றால் காலடியில் தெரியும். இந்த மெஷினும் நானும் ஒத்துப்போகவில்லை. நான் சும்மா இருக்கலாம் என்று நினைக்கும்போது யாரோ வாயில் ஊதிவிடுகிறார்கள். நெஞ்சு திடுக்கென்கிறது. பழகிவிடும் என்பாய். தெரியும்.

ஒர்க்‌ஷாப்பில் இப்போது எனக்கு நாற்காலி வேலைதான். கதவு உருளைகளைத் துடைத்து கிரீஸ் போடுகிறேன். ஒரு மாடி ஏறினால் இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. லிஃப்டுக்காக நான் காத்து நிற்பதைப் பார்த்துப் பயல்கள் சிரிக்கிறார்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

கார்டை மாத்திரை அட்டைக்குள் வைத்து அனுப்பியிருக்கிறேன். திட்டுவதானால் மெதுவாகத் திட்டு.

அண்ணன்


பிப்ரவரி 8

அண்ணா,

மெதுவாகவா? ஒன்பது நாள் மாட்டியிருக்கிறாய். அதுவும் மூன்று மணி நேரம், இரண்டரை மணி நேரம். பத்தாவது நாளிலிருந்து வெறும் பூஜ்யம்! யாரை ஏமாற்றுகிறாய்?

இங்கே ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநர் வருகிறார். உன் வயதுதான், உன்னைப் போலவே பலவீனமான இதயம், அதே வகை மூச்சு, அதே மெஷின். அவரும் முதலில் முகத்தைச் சுளித்தார். எதிரே உட்கார வைத்து அரை மணி நேரம் கிழி கிழியென்று கிழித்தேன். அன்றிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. ஏழு மணி நேரம், ஏழேகால் மணி நேரம். கார்டைக் கொடுக்கும்போது பரீட்சைத் தாளைக் காட்டுகிற பிள்ளை மாதிரி நிற்பார். அவரிடம் போய் நாலு நாள் டியூஷன் எடு.

நீ செத்துப்போனால் நான் யாரிடம் சண்டை போடுவேன்? இந்த மெஷினுக்காக நான் யார் யார் காலில் விழுந்தேன் என்று உனக்குத் தெரியாது. அடுத்த கார்டிலும் பூஜ்யம் இருந்தால் லீவு போட்டுவிட்டு வந்து, உன் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்காருவேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அழுதுகொண்டே எழுதும்,
வாலு


மார்ச் 10

வாலு,

அழாதே அம்மா. கார்டு அனுப்பியிருக்கிறேன். பார்த்தால் சிரிப்பாய்.

இங்கே எல்லோரும் நலம். உன் அண்ணி இப்போதெல்லாம் காலையில் சுறுசுறுப்பாக எழுந்துவிடுகிறாள். பஸ்ஸில் நின்றபடியே தூங்கி வழிகிறவள், இன்று ஜன்னல் எல்லாம் துடைத்துவிட்டாள். நீ வரவேண்டிய அவசியமே இல்லை. லீவை மிச்சம் பிடித்து வை.

அண்ணன்


மார்ச் 19

என் தங்க அண்ணனுக்கு,

சிரிக்கவில்லை, துள்ளிக் குதித்தேன்! பக்கத்து மேஜைக்காரி என்னவென்று எழுந்து வந்து பார்த்தாள். இருபத்தெட்டு நாள், தினமும் ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல். அந்த ஏறி இறங்குகிற அலை இருந்த இடமே தெரியவில்லை. மூச்சு வரிசையாக, அழகாக, கோலி குண்டு அடுக்கின மாதிரி இருக்கிறது. அங்கங்கே தொண்டை கொஞ்சம் இறுகுவது மட்டும் புதிதாகத் தெரிகிறது. மூளை வகை போய், லேசான தொண்டை வகைக்கு மாறிவிட்டாய் போலிருக்கிறது. அப்படி மாறுவதும் உண்டு. நல்லதற்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில்கூட ஒன்றரை மணி நேரம் மாட்டியிருக்கிறாயே! சோம்பேறி, பகல் தூக்கத்துக்குமா?

உன் இதய டாக்டருக்கு ‘மூச்சு நிற்பது முழுக்கக் கட்டுக்குள் வந்துவிட்டது’ என்று ரிப்போர்ட் அனுப்பிவிட்டேன். அவருக்கும் சந்தோஷம். அப்படியானால் அடுத்த எக்கோவுக்கு அவசரமில்லை, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றாராம். புதிதாக வேலைக்கு வந்த மூன்று பேருக்கு உன் பழைய கோட்டையும் புதுக் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடம் எடுத்தேன். பேர் சொல்லவில்லை, பயப்படாதே. ‘இது யார்?’ என்று கேட்டார்கள். ‘சொல் பேச்சுக் கேட்கிற ஒரு நல்ல மனிதர்’ என்றேன்.

உன்னால் தலைநிமிர்ந்து நடக்கும்,
வாலு


ஏப்ரல் 12

வாலு,

இந்தக் கார்டில் நடுவே நாலு நாள் வெறுமையாக இருக்கும். கரண்ட் கோளாறு. திட்டாதே.

எனக்குப் பாடம் எல்லாம் எடுக்க வேண்டாம் அம்மா. கூச்சமாக இருக்கிறது.

அண்ணன்


ஏப்ரல் 25

அண்ணா,

கார்டு பார்த்தேன். நாலு நாளும் தொடர்ச்சியாகக் கரண்ட் இல்லையா? என்ன தெரு அது! மற்றபடி எல்லாம் அருமை.

இன்று உன்னைக் கேலி செய்ய மனசு வரவில்லை. உன்னிடம் சொன்னேனே, பேருந்து ஓட்டுநர், அவர் போன செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டார். திங்கட்கிழமை வேலைக்குப் போயிருக்கிறார், வண்டியைக் கழுவி நிறுத்தியிருக்கிறார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கால் வீங்கவில்லை, நெஞ்சு வலிக்கவில்லை, ஒன்றுமில்லை. மாஸ்க் முகத்திலேயே இருந்ததாம். அவர் மனைவி மெஷினைத் திருப்பிக் கொடுக்க வந்தார். கார்டைப் போட்டுப் பார்த்தேன். கடைசி நாள்வரை ஒரு குறை இல்லை. ‘அவரு மூச்சு நல்லாத்தாம்மா இருந்திச்சு, இதயம்தான் விட்டுடுச்சு’ என்று நானே அந்த அம்மாவுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினேன்.

உன் கார்டைப் பார்த்துத்தான் மனசைத் தேற்றிக்கொள்கிறேன். நீயாவது நன்றாக இருக்கிறாய். விட்டுவிடாதே.

வாலு


மே 14

அண்ணா,

காலையில் போன் செய்து ‘மெஷினைக் கழற்றிடுங்க அண்ணி, அண்ணனுக்கு இனிமே மாட்டவே மாட்டாதீங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. எழுதுகிறேன்.

இன்று காலை எங்கள் பிரிவுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. தலைமை டாக்டர் எங்களை எல்லாம் கூப்பிட்டு, நிற்க வைத்தே படித்துக் காட்டினார். பல நாடுகளில் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல வருஷம் கவனித்திருக்கிறார்கள். எல்லோருக்கும் உன்னைப் போன்ற பலவீனமான இதயம், உன்னைப் போல மூளை மறக்கிற வகை. பாதிப் பேருக்கு இந்த மெஷின், பாதிப் பேருக்கு இல்லை. மெஷின் மாட்டியவர்களின் மூச்சு நேராகிவிட்டது, கோடு அழகாகிவிட்டது. ஆனால் அவர்கள்தான் அதிகமாகச் செத்திருக்கிறார்கள். மாட்டாதவர்களில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர் வருஷத்துக்கு இதயம் நின்று போனால், மாட்டியவர்களில் பத்துப் பேர். முன்கூட்டி எந்த அறிகுறியும் காட்டாமல் போனவர்களும் அதில் உண்டு.

யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். கோட்டை நேராக்கினால் ஆளைக் காப்பாற்றலாம் என்று பத்து வருஷம் நம்பியிருக்கிறேன் அண்ணா. அந்த ஏறி இறங்குகிற மூச்சு ஒருவேளை பலவீனமான இதயம் தனக்குத் தானே தேடிக்கொண்ட ஓய்வாக இருக்கலாம், அதை நாம் கெடுத்துவிட்டோமோ என்னவோ, யாருக்கும் சரியாகத் தெரியவில்லை என்கிறார் டாக்டர். யாருக்கும் தெரியாதாம்! தெரியாததையா உன் முகத்தில் கட்டினேன்?

நீ அன்றைக்கே எழுதினாய், ‘ஒத்துப்போகவில்லை, நெஞ்சு திடுக்கென்கிறது’ என்று. நான் திட்டினேன். நூறு நாள், ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம், என் கையால் உனக்கு இதைச் செய்திருக்கிறேன். அந்த ஓட்டுநருக்கும் செய்தேன். சோறு இறங்கவில்லை. உடனே இதய டாக்டரைப் போய்ப் பார். எனக்கு ஒரு வரி எழுது. என்னைத் திட்டியாவது எழுது.

வாலு


மே 20

வாலு,

முதலில் சாப்பிடு. சாப்பிட்டுவிட்டு இதைப் படி.

நான் அந்த மெஷினை ஒன்பது நாளைக்கு மேல் மாட்டவே இல்லை.

கார்டில் நீ பார்த்ததெல்லாம் உன் அண்ணியின் மூச்சு.

எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உன் பிப்ரவரிக் கடிதத்தைப் படித்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தோம். நீ அவ்வளவு பாடுபட்டு வாங்கியிருக்கிறாய், அழுதுகொண்டே எழுதியிருக்கிறாய், கார்டில் பூஜ்யம் இருந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடிவருவாய். எனக்கோ அதை மாட்டினால் நெஞ்சில் யாரோ குத்துகிற மாதிரி இருக்கிறது. உன் அண்ணிதான், ‘இங்க கொடுங்க, ஒரு நாள் நான் மாட்டிக்கறேன். கார்டுக்கு யாரு மூச்சுன்னு தெரியவா போவுது?’ என்றாள். ஒரு நாள் என்றுதான் ஆரம்பித்தது. மறுநாள் காலையில், ‘கல்யாணமானதிலேர்ந்து நான் இப்படித் தூங்கினதே இல்லைங்க’ என்றாள். அவள் குறட்டை உனக்குத் தெரியுமே. அப்புறம் அவளிடமிருந்து மெஷினைப் பிடுங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பகல் தூக்கம் அவளுடையது. நாலு நாள் வெறுமை, அவள் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்த நாட்கள்.

நீ துள்ளிக் குதித்தேன் என்று எழுதினாயே, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு மாதமும் இன்னும் கஷ்டமாகிப் போயிற்று. உன் போன் வந்ததும் அண்ணி அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு இதனால் ஏதாவது ஆகுமா? அதை முதலில் எழுது.

என்னைக் கொன்றுவிட்டோமோ என்று நீ பதறாதே. நீ என்னை ஒன்றும் செய்யவில்லை.

பொய்க்கார அண்ணன்


மே 29

அண்ணா,

அண்ணிக்கு ஒன்றும் ஆகாது. இதயம் பலவீனமானவர்களுக்குத்தான் அந்த எச்சரிக்கை. அவர்களுக்கு இருப்பது தொண்டை வகை. ஆனால் முறையாகப் பரிசோதனை செய்து, சாதாரண மெஷின் வாங்கிக்கொள்ள வேண்டும். நான் அனுப்பியதை எடுத்து ஓரமாக வைக்கச் சொல். இதை முதலில் எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். சிரித்தேன், அழுதேன், ஒரு டம்ளரை உடைத்தேன். நீ உயிரோடு இருக்கிறாய் என்பதற்காக எந்தத் தெய்வத்துக்கு நன்றி சொல்வது, என்னை முட்டாளாக்கியதற்காக உன்னை எதனால் அடிப்பது என்று தெரியவில்லை. பத்து வருஷம் மூச்சுப் பார்த்தவள், சொந்த அண்ணன் மூச்சுக்கும் அண்ணி மூச்சுக்கும் வித்தியாசம் தெரியாமல் பாடம் எடுத்திருக்கிறேன்! தொண்டை இறுகியது கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்தும், எனக்கு வேண்டியபடி அர்த்தம் பண்ணிக்கொண்டேன். அந்த மூன்று பேரையும் கூப்பிட்டு, ‘நான் காட்டினது தப்பு. அது ரெண்டு பேரோட மூச்சு’ என்று சொல்லிவிட்டேன். தலைமை டாக்டரிடமும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

நேற்று ஓட்டுநர் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. இரண்டு அறை, ஜன்னலோரம் அவருடைய சீருடை இஸ்திரி போட்டுத் தொங்குகிறது. அந்த அம்மாவிடம் சுற்றறிக்கையில் இருந்ததைச் சொன்னேன். அவர் கத்துவார், அடிப்பார் என்று நினைத்துத்தான் போனேன். அவர் மெதுவாகக் கேட்டார்: ‘அப்ப மாட்டாம இருந்திருந்தா இருந்திருப்பாரா?’ தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது அண்ணா. எப்படியும் போகிற ஏழெட்டுப் பேரில் அவர் ஒருவரா, கூடுதலாகப் போன இரண்டு மூன்று பேரில் ஒருவரா, எந்தக் கார்டும் சொல்லாது.

அப்புறம் அவர் சொன்னதுதான் என்னைப் பிடித்து ஆட்டுகிறது. ‘அவருக்கு அது பிடிக்கலம்மா. தினம் மாட்டும்போது நெஞ்சைத் தடவிப்பாரு. சொல்லிடுங்களேன்னேன். அந்தப் பொண்ணு நமக்காக அவ்வளவு பாடுபடுது, அது மனசு கஷ்டப்படும்னு சொல்லிட்டு மாட்டிக்குவாரு’ என்றார். வாசல்வரை வந்து, ‘பாத்துப் போம்மா’ என்றும் சொன்னார். தெருமுனை வந்ததும் ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

என் மனசு கஷ்டப்படும் என்று ஒருவர் மாட்டினார். என் மனசு கஷ்டப்படும் என்று நீ மாட்டாததை மறைத்தாய். இரண்டு பேரும் என்னிடம் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் கேட்கிறவளாக நான் இல்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இனி உன்னை ஒன்றும் செய்யச் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் அனுப்பிய அந்த ரிப்போர்ட் உன்னுடையது இல்லை என்று இதய டாக்டரிடம் போய்ச் சொல். ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம், எக்கோ எடுக்கச் சொல். உன் உடம்பு இப்போது நிஜத்தில் எப்படி இருக்கிறது என்று எழுது. என் மனசைப் பார்க்காதே.

உன் தங்கை


ஜூன் 6

வாலு,

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டினார். அன்றைக்கே எக்கோ எடுத்தார். இருபத்திரண்டு.

உன் ரிப்போர்ட் இல்லாமல் இருந்திருந்தால் முன்பே பார்த்திருப்பேன் என்றார். அது உன் தப்பில்லை, அந்தக் கார்டை அனுப்பியவன் நான். மாத்திரைகளை மாற்றியிருக்கிறார். புது மாத்திரை கேட்கவில்லையென்றால் நெஞ்சுக்குள் ஒரு கருவி வைக்கலாம் என்கிறார். இந்த முறை பொறுமையாகக் கேட்டார், நானும் மறைக்காமல் சொன்னேன்.

நிஜத்தைக் கேட்டாய். மார்ச் மாதத்திலிருந்து கால் வீங்குகிறது. செருப்பு நுழைவதில்லை. மூச்சு முட்டாமல் படுக்க முன்பு மூன்று தலையணை வேண்டும், இப்போது நாலு. ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ப் பதினெட்டு நாளாகிறது. உன் அண்ணிக்கும் பாதிதான் தெரியும், மீதியை இன்று காலையில்தான் சொன்னேன். இந்தக் கடிதத்தை எழுத இரண்டு நாள் ஆகியிருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா. வந்துவிடு.

அண்ணன்